பழைய காரின் வினைல் கூரை: சாரலுக்கு முன்னும் பின்னும்

செங்கோட்டை, புளியரை பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல். கோடையில் சுள்ளென்ற வெயில். வினைல் கூரைக்கும் (கூரைத் தகட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை) வினைல் பட்டைகளுக்கும் இரண்டுமே பகை. வெயில் வினைலின் நெகிழ்வை உறிஞ்சும், ஈரம் பூஞ்சையை வளர்க்கும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பிறகே கை வையுங்கள். முதலில் வெறும் தண்ணீரால் மணலை அலசுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடி கார் ஷாம்பு போதும். மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தால், தோல் போன்ற வரிப்பள்ளங்களில் ஒளிந்த அழுக்கு வெளிவரும். கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாக அலசுங்கள். குரோம் பட்டையில் வினிகர் தங்கக்கூடாது.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றும் கூடவே கூடாது. வினைலை மிருதுவாக வைத்திருக்கும் பொருளை அவை கரைத்துவிடும்; பிறகு விறைத்து வெடிக்கும். தேங்காய் எண்ணெய் அன்றைக்கு மினுக்கும், மறுவாரமே தூசியைப் பிசினாகப் பிடிக்கும்.

முழுக்கக் காய்ந்ததும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தண்ணீர் சார்ந்த டிரெஸ்ஸிங்கை (வினைலுக்கான பாதுகாப்புப் பூச்சு) துணியில் எடுத்து மெல்லியதாகப் பூசுங்கள். பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

கூரை எங்காவது உப்பி, அழுத்தினால் நறநறவென்றால் அடியில் தகடு துருப்பிடித்திருக்கிறது. அதற்குப் பூச்சு உதவாது. வினைலைப் பிரித்துத்தான் தகட்டைச் சரிசெய்ய வேண்டும்.