காய்கறி நூடுல்ஸ் செய்ய எந்தக் கருவி வாங்கலாம்?

காய்கறி நூடுல்ஸ் என்றால் மாவு நூடுல்ஸில் காய் போடுவது இல்லை, காயையே நூடுல்ஸ் மாதிரி நீள இழைகளாகச் சீவிச் சமைப்பது. அதற்கான கருவியைப் பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு இதில் எந்தக் காயைப் போடுவது என்று யோசித்த ஆள் நான். நீங்களாவது காயிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: காயை முடிவு செய்யுங்கள்

சுக்கினி (பார்க்க வெள்ளரி போலவே இருக்கும் ஒரு பூசணி வகை), வெள்ளரி மாதிரி மென்மையான காயா, கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி மாதிரி கெட்டியானதா? கருவி விஷயத்தில் பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். சுருள் சுருளாக வர வேண்டுமென்றால் காய் நேராகவும், நடுவில் பொள்ளல் இல்லாமலும், சுமார் 4 செ.மீ. தடிமனாகவும் இருப்பது நல்லது. ஒல்லிக் கேரட்டைப் போட்டால் அரைவட்டத் துணுக்குகளாகத்தான் உதிரும். தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் இதற்கு ஆகாது.

படி 2: முதலில் ஒரு ஜூலியன் பீலர்

தோல் சீவும் பீலர் மாதிரியேதான் இருக்கும். கத்தியில் மட்டும் சீப்பு போலப் பற்கள். சுக்கினியைப் பலகையில் படுக்க வைத்து, ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுங்கள். நேர் நேராக இழைகள் விழும். நான்கைந்து இழுப்பில் விதைப் பகுதி எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிட்டுக் காயைத் திருப்புங்கள். விதைப் பகுதியையும் சேர்த்துச் சீவினால் வாணலியில் குழைந்துவிடும்.

சுருள் வராது என்பதுதான் குறை. ஒருவர், இருவர் சாப்பிட இதுவே போதும், டிராயரிலும் அடங்கிவிடும். அகல நாடா போதுமென்றால் வீட்டில் இருக்கும் சாதாரண பீலரே அதைச் செய்யும்.

படி 3: சுருள்தான் வேண்டுமா?

அப்படியென்றால் ஸ்பைரலைசர். கையில் பிடிக்கும் வகையில், பென்சில் சீவுவது போலக் காயைத் திருக வேண்டும். சுக்கினிக்கு நன்றாக இருக்கும். பீட்ரூட்டைத் திருகிப் பாருங்கள், மணிக்கட்டு வலிக்கும். கெட்டிக் காய் அடிக்கடி செய்வீர்கள் என்றால், மேடையில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றும் வகையே சரி.

அதை வாங்கும் முன் உங்கள் சமையல் மேடையைத் தடவிப் பாருங்கள். கருவியின் அடியில் இருக்கும் ரப்பர் கப்புகள் வழவழப்பான இடத்தில்தான் ஒட்டும். மரமோ சொரசொரப்பான கல்லோ என்றால் பிடிக்காது. எங்கள் வீட்டு மேடை டைல்ஸ் பதித்தது. இரண்டு டைல்களுக்கு நடுவில் உள்ள இடுக்கில் காற்று புகுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கருவி என்னை நோக்கி நடந்து வந்தது!

மூன்று, நான்கு கத்திகளோடு விற்பார்கள். சுமார் 3 மி.மீ., 5 அல்லது 6 மி.மீ., அப்புறம் ஒரு நாடாக் கத்தி இருந்தால் தாராளம். இந்த வகையில் பெரும்பாலும் நடுத்தண்டு பென்சில் மாதிரி மிஞ்சும். சூப்பில் போட்டுவிடலாம்.

மாண்டலினிலும் (பலகையில் பதித்த கத்தியின் மேல் காயைத் தேய்த்துச் சீவும் கருவி) இழை எடுக்கலாம்தான். ஆனால் விரல் நுனி போவது அதில் மிகச் சுலபம் என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே இருந்தால், காய் பிடிக்கும் காப்புத் தட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

படி 4: கழுவ முடியுமா?

கத்தி தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். பற்களுக்கு இடையில் சிக்கிய நாரை எடுக்க ஒரு பழைய டூத்பிரஷ் வேண்டும், விரலை விடக்கூடாது. கேரட் பட்டு பிளாஸ்டிக் மஞ்சளானால், சோப்புக்கு முன் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அந்த நிறம் எண்ணெயில் கரையும்.

படி 5: முதல் முயற்சி

சுக்கினியிலேயே பழகுங்கள். இரு முனைகளையும் தட்டையாக வெட்டுங்கள். சாய்வாக இருந்தால் இழை அறுந்துகொண்டே வரும். காயின் நடுப்பகுதி கத்தியின் மையத்துக்கு நேராக இருக்கட்டும். சுற்றி முடித்ததும் கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டில் ஒரே இழையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுக்கினியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கொஞ்சம் உப்புத் தூவி வடிதட்டில் 10 நிமிடம் வைத்து, துணியால் ஒற்றி, நன்கு சூடான வாணலியில் 2 நிமிடம் மட்டும் புரட்டுங்கள். மூடி போடாதீர்கள். கேரட்டுக்கு உப்பு வேலையே வேண்டாம். நான்கைந்து நிமிடம் வதக்கி, ஒரு இழையைக் கரண்டியில் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தொங்கினால் இறக்கிவிடலாம்.