எச்ஐவி சிகிச்சையில் 'வைரஸ் தென்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது பெருகும் வைரஸைத்தான் அடக்கும். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்லுக்குள் உறங்கும் வைரஸைத் தொடாது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரத்தில் திரும்பிவிடும். 2007-இல் பெர்லினில் எச்ஐவி இருந்த டிமதி ரே பிரவுன் குணமானது, வைரஸ் செல்லுக்குள் நுழையும் சிசிஆர்5 வாசல் இல்லாத ஒருவரின் ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்லால். அவருடைய ரத்தப் புற்றுநோய்க்குச் செய்த ஆபத்தான சிகிச்சை அது, லேகியம் சாப்பிட்டுக் குணமானதல்ல.

பாம்பன், மண்டபத்திலிருந்து தங்கு கடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனால், டோலுடெக்ராவிர் உட்பட மூன்று மருந்து சேர்ந்த டிஎல்டி மாத்திரையை அதன் டப்பாவிலேயே, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். போகும் நாட்களுக்கு மேல் இன்னும் இரண்டு நாளுக்கான மாத்திரையையும் எடுத்துச் செல்லுங்கள். கரை திரும்பும் நாளைக் காற்றுதான் சொல்லும்.

நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பதென்றால் மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து. முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் பொறுங்கள். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.