பழைய செஸ்னாவின் பிரேக்கில் கார் பழக்கம் காட்டும் தவறுகள்

செஸ்னா 140 என்ற இரண்டு இருக்கை கொண்ட சின்ன விமானம் சந்தைக்கு வந்தது 1946-இல். அதை இன்றும் பறக்க வைத்திருப்பவர்களில் பலர் கார், பைக் வேலையில் கை பழகியவர்கள். மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க், அதை உரசிப் பிடிக்கும் லைனிங் எல்லாமே ஏற்கெனவே பார்த்த சாமான்களாகத்தான் தெரியும். அதனால்தான் தவறும் எளிதில் நடந்துவிடுகிறது.

முதலில் ஆயில். இந்த விமானங்களுக்கான பிரேக் ஆயில் 5606 எனப்படும் சிவப்பு மினரல் ஆயில். அதற்கேற்ற சீல்கள் நைட்ரைல் ரப்பர். காருக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில் கிளைகால் வகை. அது பட்டால் நைட்ரைல் சீல் ஊறிப் பருத்து இளகிவிடும். ஊற்றிய அன்றைக்குப் பெடல் நன்றாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. தெரியாமல் கொஞ்சம் ஊற்றிவிட்டால் வடித்துவிட்டு நல்ல ஆயிலை நிரப்பினால் போதாது. லைன் முழுவதையும் கழுவி, எல்லா சீலையும் ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அந்தக் காலத்து விமானங்கள் சிலவற்றில் ஆமணக்கெண்ணெயில் செய்த நீல நிற ஆயிலும் இயற்கை ரப்பர் சீலும் இருந்தன. அந்த சீலை 5606 கெடுத்துவிடும். ரிசர்வாயரில் (ஆயில் தொட்டியில்) இருக்கும் ஆயிலின் நிறத்தைப் பார்க்காமல் கேனைச் சாய்க்காதீர்கள்.

அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. கார் மாதிரி பெடலை மிதித்து மேலிருந்து கீழே தள்ளினால் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். குமிழி மேலே போகத்தான் பார்க்கும், அதன் வழியிலேயே அனுப்புங்கள். காலிப்பரின் ப்ளீடரில் (காற்று எடுக்கத் திறக்கும் சிறு வால்வில்) கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயை மாட்டி, கைப்பம்ப் ஆயில் கேனால் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். மாட்டும் முன்பே கேனை அழுத்தி, குழாய் நுனிவரை சிவப்பு ஆயில் குமிழியில்லாமல் வரட்டும். இதை விட்டால் வெளிக்காற்றை நாமே உள்ளே அனுப்புகிறோம். ரிசர்வாயரிலிருந்து இன்னொரு குழாயை பாட்டிலுக்குக் கொண்டுபோங்கள். குண்டூசித் தலை அளவு குமிழிகள்கூட நின்ற பிறகு, இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு ப்ளீடரை மூடுங்கள்.

பைப்பர் ஜே-3 கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்தச் சின்ன விமானத்தில் எக்ஸ்பாண்டர் டியூப் பிரேக் (ரப்பர் டியூப் ஆயிலில் உப்பி டிரம்மைப் பிடிக்கும் வகை) இருந்தால், டிரம்மைக் கழற்றிய நிலையில் பெடலைத் தொடவே கூடாது. டியூபைத் தாங்க எதுவும் இல்லாததால் அது உப்பி வெடித்துவிடும்.

பெடல் தாழ்வாக இருக்கிறது என்று மாஸ்டர் சிலிண்டரின் ராடை இறுக்கி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெடலை விட்டதும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்ப ஒரு சிறு வழி திறக்க வேண்டும். ராடில் கொஞ்சம்கூட ஃப்ரீ பிளே (தளர்வு) இல்லாவிட்டால் அந்த வழி மூடியே கிடக்கும். டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டும்போது, சூட்டில் ஆயில் விரிந்து, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும் இந்த மாதிரி விமானத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் விமானம் சுழன்றுவிடும்.

செஸ்னா 140-இல் பழைய குட்இயர் பிரேக் இருந்தால், டிஸ்க் சக்கரத்தோடு இறுக்கமாக இருக்காது. பற்களில் வழுக்கி நகரும், கிளிப்கள்தான் அதைப் பிடித்து வைக்கும். ஒரு கிளிப் விழுந்தாலே டிஸ்க் ஆடி, பற்களைத் தின்னத் தொடங்கும். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் கிளிப்களை எண்ணிப் பாருங்கள்.

சரி, கிளீவ்லாண்டு என்ற வேறு கம்பெனி பிரேக்குக்கு மாறலாமா? மாறலாம், நல்ல முடிவுதான். ஆனால் வேறு விமானத்தில் கழற்றிய செட்டை வாங்கிப் போல்ட் போட்டுவிடுவது தவறு. அமெரிக்காவில் இதற்கு எஸ்டிசி (விமானத்தின் வடிவமைப்பை மாற்றத் தரும் அனுமதி) உள்ள கிட்டும், விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-இன் படிவம் 337-உம் தேவை. எடைக் கணக்கையும் திருத்த வேண்டும். பிரேக் பலமாகப் பிடித்தால் மூக்கு குத்திக் கவிழும் அபாயமும் கூடும். 140-இன் சில விமானங்களில் சக்கரத்தை முன்னே தள்ளி வைக்கும் எக்ஸ்டெண்டர்கள் இருப்பது அதனால்தான். பழைய பிரேக்கை அழுத்திய பழக்கத்தில் புதியதை அழுத்தாதீர்கள்.

சக்கரத்தைப் பிரிக்கும் முன்னால் டயர் காற்றை முழுவதும் இறக்கி, வால்வு கோரையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பாதிகளையும் சேர்க்கும் போல்ட்டைக் காற்றோடு கழற்றினால் பாதி சக்கரம் முகத்தில் அடிக்கும், உயிரே போகலாம்.

புது லைனிங்கைப் பழக்காமல் பறக்கக் கூடாது. ஆர்கானிக் லைனிங் என்றால் 1700 ஆர்பிஎம்மில், பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி மெதுவாகச் சுமார் 450 மீட்டர் டாக்ஸி செய்து, 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுங்கள். அப்புறம் வால் தூக்காதபடி கையில் பிடிக்கும் கண்ட்ரோலை முழுவதும் பின்னால் இழுத்து வைத்து, எஞ்சினை ஏற்றி, சக்கரம் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் லைனிங் இன்னும் பழகவில்லை, மறுபடி செய்யுங்கள்.