கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துருவை வெளியிலிருந்து அளப்பது

"சார், மைனஸ் எத்தனை காட்டுது?" கடலோரக் கட்டடங்களுக்கு ஆஃப் செல் சோதனை செய்யப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். ஆஃப் செல் என்பது அரை மின்கலம். அதைக் கான்கிரீட்டின்மேல் வைத்து, அதற்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் இடையிலான மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் அளப்பதுதான் இந்தச் சோதனை. ஒரு புள்ளியின் அளவை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை. பக்கத்துப் புள்ளியில் என்ன வருகிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.

ஆஃப் செல் கடையில் கிடைக்கும், நாமே செய்துகொள்ளவும் முடியும். ஒரு பிளாஸ்டிக் குழாய், அடியில் ஈரம் கசியும்படியான நுண்துளை அடைப்பு, உள்ளே உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பி, அது மூழ்கும் அளவுக்குக் காப்பர் சல்பேட் கரைசல், அவ்வளவுதான். உரக்கடை மயில்துத்தமும் அதே நீலம்தான், ஆனாலும் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கரைத்து, இனிமேல் கரையாது என்ற நிலையில் கொஞ்சம் படிகம் அடியில் தங்க வேண்டும். படிகம் கண்ணில் படவில்லை என்றால் அந்தச் செல்லை நம்ப வேண்டாம்.

மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓமாவது இருக்கட்டும். காய்ந்த கான்கிரீட்டின் மின்தடை அதிகம். உள்மின்தடை குறைந்த மீட்டர் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, உண்மையைவிடக் குறைவான அளவைக் காட்டும்.

கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரால் கம்பி ஓடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, ஓர் இடத்தில் மட்டும் உளியால் கொத்திக் கம்பியைத் திறங்கள். இரும்பு மின்னும்வரை அரத்தால் தேய்த்து கிளிப் மாட்டுங்கள். கம்பியிலிருந்து வரும் ஒயர் மீட்டரின் பாசிட்டிவுக்கு, செல்லின் ஒயர் நெகட்டிவுக்கு. எல்லாக் கம்பிகளும் உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். தள்ளி இன்னோர் இடத்தில் திறந்து இரண்டுக்கும் இடையே மின்தடை அளந்தால் 1 ஓமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி இணைப்பு கொடுத்தே ஆகவேண்டும். மின்சாரம் கடத்தாத எபாக்ஸி பூசிய கம்பி என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பெயின்ட், டைல்ஸ் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துச் செல்லுக்கு அடியில் வையுங்கள். முதல் புள்ளியில் 5 நிமிடம் பொறுத்திருங்கள். அளவு 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்தால் கான்கிரீட் இன்னும் நனைய வேண்டும். அதற்காகத் தரை முழுக்கத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். பக்கத்துப் புள்ளிகள் ஈரத்தால் இணைந்துவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடும்.

பீமில் நான் ஒரு சாண் இடைவெளியில் அளப்பேன். தளத்தில் இன்னும் அகலமாகப் போகலாம். அடுத்தடுத்த புள்ளிகளுக்குள் 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இடத்தில் கட்டத்தை நெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி876 சொல்லும் எல்லைகள் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தவை: மைனஸ் 200 மில்லிவோல்ட்டைவிட நேர்மறையாக இருந்தால் துரு நடக்காமலிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 350-ஐத் தாண்டி எதிர்மறையாகப் போனால் துரு நடக்க அதே அளவு வாய்ப்பு, நடுவில் சொல்ல முடியாது. சிக்கல் இங்கேதான். எப்போதும் நீரில் ஊறும் அஸ்திவாரத்தில் ஆக்சிஜன் போய்ச் சேராததால், துரு பெரிதாக இல்லாமலே மைனஸ் 500-க்கும் கீழே போகும். ஆனால் பக்கத்துப் புள்ளிகளும் கிட்டத்தட்ட அதே அளவாக, சமதளமாக இருக்கும். உப்பு அரித்த இடம் அப்படி இருக்காது. கம்பியின் ஒரு பகுதி ஆனோடாகவும் (துருப்பிடிக்கும் பகுதி) அக்கம்பக்கம் கேத்தோடாகவும் (துருப்பிடிக்காத பகுதி) மாறி, இடையில் கான்கிரீட் வழியே மின்னோட்டம் ஓடும். அதனால் மைனஸ் 150-லிருந்து இரண்டு சாண் தூரத்துக்குள் மைனஸ் 400-க்குச் சரிந்து, மறுபக்கம் மீண்டும் ஏறும். எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்தச் சரிவுதான். அதனால் எண்களைப் பட்டியலாகக் கொடுக்காமல், கட்டத்தாளில் சம அளவுக் கோடுகளாக வரைந்தே கொடுக்கிறேன்.

துரு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை இந்த அளவு சொல்லாது. அதற்குக் கான்கிரீட்டின் மின்தடைமையை, அதாவது அந்தப் பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்க வேண்டும். பிராங்க் வென்னர் 1915-இல் மண்ணுக்காக எழுதிய முறையே இதற்கும் போதும். சம இடைவெளியில் நான்கு முனைகள். வெளி இரண்டில் மாறுமின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, முனைகளின் இடைவெளியாலும் 2π-யாலும் பெருக்கினால் விடை. முனைகளைக் கம்பிக்கு மேலேயே நீளவாக்கில் வைத்தால் மின்னோட்டம் இரும்பு வழியே குறுக்கே ஓடி, அளவு பொய்யாகக் குறையும். கம்பிகளுக்கு நடுவே குறுக்காகச் சாய்த்து வையுங்கள். 20 கிலோஓம்-செ.மீ.க்கு மேல் என்றால் வேகம் குறைவு, 5-க்குக் கீழே என்றால் மிக அதிகம்.

அப்புறம் இரண்டே இடத்தில் உடைத்துப் பாருங்கள். ஒன்று வரைபடத்தின் மிக ஆழமான குழியில், அதாவது அளவு மிகவும் எதிர்மறையாக வந்த இடத்தில், இன்னொன்று நன்றாக இருக்கிற பகுதியில். புதிதாக உடைந்த முகத்தில், காரத்தன்மை உள்ள இடத்தில் சிவக்கும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். கம்பிவரை நிறமே வரவில்லையென்றால் கார்பனேற்றம் (காற்றின் கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைப்பது) கம்பியை எட்டிவிட்டது. நன்றாகச் சிவந்தும் கம்பி துருப்பிடித்திருந்தால் சந்தேகம் உப்பின்மேல். அந்த ஆழத்தில் துளையிட்டுத் தூளை எடுத்துக் குளோரைடு சோதனைக்கு அனுப்புங்கள்.