பல குடியிருப்புகளாகப் பிரித்த வீட்டை விற்பது எப்படி?

ஒரே கட்டடம், உள்ளே மூன்று குடித்தனம். இப்படிப்பட்ட வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் விலையைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் எதை விற்கிறோம் என்பது எழுத்தில் முழுமையாக இருக்க வேண்டும். ஒரு பகுதி கைமாறிவிட்டால், பொதுவான விஷயத்தில் ஒரு வரியைத் திருத்தக்கூட அந்தப் புது உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும்.

படி 1: காகிதத்தில் எத்தனை வீடு?

சுவர் எழுப்பித் தனி வாசல் வைத்ததால் மட்டும் சட்டப்படி தனி வீடாகிவிடாது. கட்டட அனுமதியையும் வரைபடத்தையும் எடுத்து, கட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். அனுமதி ஒரே வீட்டுக்கு என்றால், முறைப்படுத்த வழி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். வழி இல்லையென்றால் பிரித்து விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

படி 2: முழுதாகவா, தனித்தனியாகவா?

முழுதாக விற்றால் ஒரு பத்திரத்தோடு வேலை முடியும். அப்படி வாங்குபவர் பெரும்பாலும் வாடகை வருமானத்தை வைத்தே விலை கேட்பார். தனித்தனியாக விற்றால் மொத்தத் தொகை கூடலாம்; காலமும் செலவும் கூடும். இரண்டு விற்று மூன்றாவது தேங்கினால் அதன் பராமரிப்புப் பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். பணம் அவசரம் என்றால் முழுதாக விற்பதையே நான் சொல்வேன்.

படி 3: நிலத்தைப் பங்கிடுங்கள்

தனித்தனியாக விற்பவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நிலத்தை வெட்டிக் கொடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்காகத்தான், அதாவது எல்லை பிரிக்காமல் மொத்த நிலத்தில் இத்தனை பங்கு என்றுதான், கொடுக்க முடியும். வீட்டின் பரப்பளவு விகிதத்தில் பிரிப்பது எளிய முறை. நிலம் 2,000 சதுர அடி, வீடுகள் 1,000, 900, 600 சதுர அடி என்று வையுங்கள். வீடுகளின் கூட்டுத்தொகை 2,500. ஆக, பங்குகள் 40%, 36%, 24%. நிலத்தில் 800, 720, 480 சதுர அடி.

எதிர்காலத்தில் மேலே இன்னொரு தளம் கட்டும் எண்ணம் இருந்தால், அதற்கான பங்கை இப்போதே ஒதுக்கி, மொட்டை மாடி உரிமையையும் உங்கள் பெயரில் எழுதி வையுங்கள். முழு நிலத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், புதுத் தளத்துக்குக் கொடுக்க உங்களிடம் நிலமே இருக்காது.

படி 4: பொதுவானவற்றை எழுதுங்கள்

நோட்டும் பேனாவுமாகக் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், வண்டி நிறுத்துமிடம், கழிவுநீர்க் குழாய் என ஒவ்வொன்றுக்கும் யார் உரிமையாளர், யார் பயன்படுத்தலாம், செலவு யாருடையது என்று எழுதுங்கள். குறிப்பாக, மேல்வீட்டுக் குழாய் கீழ்வீட்டுச் சுவருக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். அது கசிந்தால் சுவரை உடைக்க யார் அனுமதிக்க வேண்டும், யார் பூசித்தர வேண்டும் என்பதைப் பத்திரத்தில் சேர்ப்பது பின்னால் அங்கே வாழப்போகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தனியாக ஒரு பொது மீட்டர் வைத்துவிடுங்கள்.

படி 5: கடனும் குடியிருப்போரும்

முழு வீட்டின் மீதும் வங்கிக் கடன் இருந்தால், விற்கும் பகுதியை அடமானத்திலிருந்து விடுவிப்பதாக வங்கி எழுத்தில் தர வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களிடம் விற்பனையைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களில் ஒருவரே வாங்க முன்வரலாம்.

படி 6: பத்திரம்

உங்கள் பகுதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கொண்டு பங்கு விவரம், பொதுப் பகுதிப் பட்டியல், பராமரிப்பு விதிகள் மூன்றையும் ஒரே வாசகமாகத் தயாரித்து, எல்லாப் பத்திரங்களிலும் அதையே சேருங்கள். மூலப் பத்திரம் ஒன்றுதான், வாங்குபவர்களோ பலர். அது யாரிடம் இருக்கும், மற்றவர்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்பதையும் எழுதி, மற்றவர்களுக்குச் சான்றிட்ட நகல் கொடுங்கள். சாவியை ஒப்படைக்கும் அன்று மீட்டர் அளவைக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். வாடகைதாரர் தொடர்ந்து இருக்கிறார் என்றால், அவர் கொடுத்த முன்பணம் புது உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்ததற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.