தூண் எப்படி உடையும் என்று கணினியைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியா ஆஸ்பத்திரி சிதைந்ததைத் திருகோணமலை மறக்கவில்லை. கடலோரக் கட்டடம் ஒன்று இன்னோர் அலையைத் தாங்குமா என்று கணிக்க இன்று மென்பொருள்கள் உண்டு. ஆனால் அவை காட்டும் வண்ணப்படத்தை அப்படியே நம்பினால் ஆட்களின் உயிரோடு விளையாடுகிறோம்.

பெரிய தவறு வலையமைப்பில் நடக்கிறது. தூணைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிக்கிறோம்; இந்தக் கூறுகள் சேர்ந்ததே வலை. வெடித்த, அதாவது கீறல் விழுந்த, கொங்கிறீட்டின் இழுவை வலு (இழுப்பைத் தாங்கும் வலு) படிப்படியாகக் குறையும்போது, சேதம் முழுவதும் ஒரே வரிசைக் கூறுகளுக்குள் ஒடுங்கிவிடும். 100 மி.மீ. கூறுக்குக் கொடுத்த தகைப்பு–விகார வளையியையே (எவ்வளவு நீட்சி வீதத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் கோட்டையே) 25 மி.மீ. கூறுக்கும் கொடுத்தால், வெடிப்பு உறிஞ்சும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். வலையை நுணுக்க நுணுக்கத் தூண் கண்ணாடிபோல் நொறுங்கும். விடை ஒரு நிலைக்கு வராது. 1976இல் சுவீடனில் ஆய்வாளர் ஹில்லர்போர்க்கும் சகாக்களும் காட்டிய வழி, வெடிப்பின் அகலத்தையும் முறிவுச் சக்தியையும் (ஓர் அலகுப் பரப்பு வெடிப்பு முழுதாகத் திறக்கச் செலவாகும் சக்தியையும்) கணக்கில் எடுப்பது. இழுவை வலு 2.5 மெகாபஸ்கால், முறிவுச் சக்தி மில்லிமீற்றருக்கு 0.1 நியூட்டன், வலு நேர்கோட்டில் குறைகிறது என்று வைத்தால், வெடிப்பு 0.08 மி.மீ. விரியும்போது வலு பூச்சியமாகும். அப்போது 100 மி.மீ. கூறின் விகாரம் 0.0008, 25 மி.மீ. கூறில் 0.0032. கூறின் அளவை மாற்றும்போது வளையியையும் மாற்ற வேண்டும்.

சிதைந்த கூறுகளைக் கணக்கிலிருந்து அழித்துவிடும் மென்பொருள் வசதியையும் அளவோடு பயன்படுத்துங்கள். நொறுங்கிய கொங்கிறீட் உண்மையில் மறைந்துபோவதில்லை; வளையக் கம்பிகளுக்குள் சிக்கியபடி இன்னும் பாரம் சுமக்கும்.

மிக வேகமாகத் தாக்கும் பாரத்துக்குக் கொங்கிறீட் கூடுதல் வலுவைக் காட்டும். குண்டுவெடிப்பு மில்லிசெக்கன்களில் முடியும். அந்த வேகத்துக்கான வலு உயர்வை, மெல்ல ஏறும் வெள்ளத்தின் அழுத்தத்துக்குப் போடுவது தவறு. அடித்துவரும் படகு தூணில் மோதுவதைத் தனியாகக் கணிக்க வேண்டும்.

பழைய கட்டடமென்றால் வரைபடத்தை மட்டும் பார்த்து உட்காராதீர்கள். உப்புக் காற்றில் கம்பி துருவேறி வீங்கும். தூணின் மூலை நெடுக வெடிப்பு ஓடும். அந்த மூலையைத் தட்டித் திறந்து, துருவைச் சுரண்டிவிட்டு அளவுங்கள். 16 மி.மீ. கம்பி 14 மி.மீ. ஆகியிருந்தால் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ கால்வாசி போய்விட்டது. துரு, கொங்கிறீட்டோடு கம்பிக்குள்ள பிடிப்பையும் தளர்த்திவிடும். இரண்டும் வழுக்காமல் ஒட்டியிருப்பதாகக் கணினி மாதிரியில் வைத்தால் இல்லாத வலுவைக் கணக்கில் சேர்க்கிறோம்.

அத்திவாரத்தையும் அசையாததாக வைக்காதீர்கள். அலை திரும்பும்போது அடிமணலை அரித்துக்கொண்டு போகும்; மண் போன தூணையும் மென்பொருளில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.