காத்திக் பாலிமர் களிமண் கைவினைப் பொருள்களைச் செய்து விற்பது எப்படி

காத்திக் எனப்படும் இருள்சார்ந்த அழகுப் பாணியில் கறுப்பு வௌவால், எலும்பு நிற மண்டையோடு, பிறைநிலவில் அமர்ந்த அண்டங்காக்கை போன்றவற்றைப் பாலிமர் களிமண்ணில் செய்து விற்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதல் வேலையாக இணையத்தில் கடை திறந்துவிடுகிறார்கள். வட இங்கிலாந்தில் சில ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவரும் என்னிடம் கேட்டால், கடைக்கு முன்னதாக ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்குங்கள் என்பேன்.

பெயரில் களிமண் இருந்தாலும் இதில் மண் கிடையாது. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் நுண்ணிய துகள்களையும், அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரையும், நிறமியையும் சேர்த்துப் பிசைந்த பொருள் இது. சரியான சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் உறுதி கிடைக்கும். சூடு குறைந்தால், வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பிணைப்பு இருக்காது. ஃபீமோ என்னும் களிமண் வகைக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், ஸ்கல்பி பிரீமோ என்னும் வகைக்கு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 130 டிகிரியில் 30 நிமிடம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் உறையிலேயே கணக்கு எழுதியிருக்கிறது.

முதல் ஆண்டில் நான் விற்ற, உடையில் அலங்காரமாகக் குத்தும் வௌவால் ஊக்குகளில் மூன்றின் சிறகு நுனிகள் ஒரே மாதத்தில் உடைந்தன. வாங்கியவர்களில் ஒருவர் உடைந்த துண்டைத் தாளில் மடித்து அனுப்பியிருந்தார். முறிந்த இடம் சுண்ணாம்புக் கட்டியை உடைத்தாற்போல் பொரபொரவென்று இருந்தது. வெப்பமானி வாங்கிப் பார்த்தபோதுதான், முள்ளை 130இல் வைத்தாலும் என் ஓவன் 105ஐத் தாண்டவில்லை என்று தெரிந்தது. மூவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல், ஒவ்வொரு முறை சுடும்போதும் அதே களிமண்ணில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டையையும் உடன் வைத்துச் சுட்டு, ஆறியபின் வளைத்துப் பார்க்கிறேன். பட்டை வளைந்து மீண்டும் நிமிர்ந்தால் மட்டுமே அன்றைய பொருள்கள் விற்பனைக்குப் போகும்.

சமையலுக்குப் பயன்படுத்தாத தனி ஓவன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். உள்ளே பீங்கான் ஓடு ஒன்றை வைத்து 20 நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுங்கள். வெப்பமானி ஓட்டின் பக்கத்திலேயே இருக்கட்டும். பொருளின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்த்தால், சூடேற்றும் கம்பி சிவக்கும்போது வெளிர் நிறங்கள் கருகாமல் தப்பும். சூடு எல்லை மீறிக் களிமண் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கக்கூடியது. உடனே ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும்.

காத்திக் வேலையின் இரு பெரும் நிறங்களான கறுப்பும் எலும்பு வெண்மையும் ஒன்றையொன்று கெடுப்பவை. கறுப்பைத் தொட்ட விரல் வெள்ளையில் பட்டால் அந்தக் கறை போகாது. ஆகவே வெள்ளை வேலையை முடித்து மூடி வைத்தபின் கறுப்பை எடுங்கள். உடையிலிருந்து உதிரும் பஞ்சிழைகள் இரு நிறங்களிலுமே பளிச்சென்று தெரியும் என்பதால், பருத்திச் சட்டையோடு உட்கார்ந்து, ஈரத்துணியால் கையை அடிக்கடி துடைத்துக்கொள்வது நல்லது. சுடுவதற்கு முன், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் தடவினால் கைரேகையும் இழையும் பெரும்பாலும் போய்விடும்.

வெறும் வெள்ளைக் களிமண்ணில் செய்த மண்டையோடு பற்பசை நிறத்தில் உயிரற்று நிற்கும். இரண்டு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு ஒளி ஊடுருவும் களிமண்ணைச் சேர்த்து, கடுகளவு காவி மஞ்சளையும் பிசையுங்கள். அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி உருண்டையாக்கி, அதன்மேல் இக்களிமண்ணைப் போர்த்தினால் எடையும் குறையும், தடிமனும் சீராக இருக்கும். கண்குழிகளை உருண்டை முனைக் கருவியால் அழுத்தும்போது, குழியின் மேல்விளிம்பு சற்று முன்தள்ளி நிற்கும்படி விட்டுவிடுங்கள். நிழல் அங்கேதான் தங்கும். பற்களைத் தனித்தனியாக ஒட்டாமல் ஊசிமுனையால் கீறிப் பிரித்து, உச்சியில் எலும்புகள் சேரும் நெளிகோட்டையும் மெல்லக் கீறுங்கள். சுட்டு ஆறியபின் அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தை நீர் கலந்து முழுவதும் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் மேடுகளைத் துடைத்தால், கீறல்களில் மட்டும் பழுப்பு நின்று, மண்ணிலிருந்து தோண்டியெடுத்ததுபோன்ற பழமை வந்துவிடும். இத்தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நொடி இதுதான்.

வழவழப்பு வேண்டிய இடங்களை 400, 600, 1000 என்ற எண்ணுள்ள உப்புத்தாள்களால், சொரசொரப்பானதிலிருந்து நைசானது என்ற வரிசையில், நீர் தொட்டுத் தேயுங்கள். நீரில்லாமல் தேய்த்தால் தூள் மூச்சில் ஏறும். நகப்பூச்சையும் சில தெளிப்பு வார்னிஷ்களையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் உள்ள கரைப்பான்கள் களிமண்ணைத் தாக்குவதால் சில வாரங்களில் பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கும். நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷே நம்பகமானது.

இப்பொருள்களை வாங்குவோர் யார் என்பதை அறிய விட்பிக்கு ஒருமுறை போய் வருவது நல்லது. யார்க்‌ஷயர் கடற்கரையிலுள்ள அந்நகரில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் மாறி உண்டான ஜெட் என்னும் கரிய பொருள் கிடைக்கிறது. 1861இல் கணவர் ஆல்பர்ட் மறைந்தபின் விக்டோரியா அரசி நெடுங்காலம் துக்கம் காத்ததால் ஜெட் நகைகளுக்குத் தேவை பெருகியது. அவற்றை வாங்க வசதியில்லாதவர்களுக்காக வல்கனைட் எனப்படும் கெட்டியாக்கிய ரப்பரிலும் கறுப்புக் கண்ணாடியிலும் துக்க நகைகள் செய்யப்பட்டன. மலிவான பொருளைப் பிசைந்தும் வார்த்தும், இழப்பின் நினைவை உடலில் அணியத் தந்த அந்தக் கைகளின் தொடர்ச்சியாகவே நான் என் வேலையைக் கருதுகிறேன். 1994 முதல் அங்கே காத்திக் அன்பர்கள் கூடும் வாரயிறுதி விழாவும் நடந்துவருகிறது. அங்கு வருவோர் ஊக்கைக் கையில் எடுத்ததும் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இருள்சார்ந்த அழகு ஆண்டு முழுவதற்குமானது, அக்டோபர் மாத ஹாலோவீன் வேடிக்கை அல்ல. ஆகவே உங்களுக்கே உரிய ஓர் உருவத்தைத் தேர்ந்து அதில் பத்து வகை செய்யுங்கள். திரைப்படப் பாத்திரங்களைப் படியெடுத்து விற்பது பதிப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

தோட்டுக் கொக்கிகளை மலிவுக்காக வாங்காதீர்கள். தோலில் படும் நகையிலிருந்து நிக்கல் வெளியேறும் அளவுக்குப் பிரிட்டனில் சட்ட வரம்பு உண்டு. விற்பவரிடம் எழுத்துப்பூர்வமான உறுதியைக் கேட்டு வாங்குங்கள். 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளி இருந்தால், ஹால்மார்க் முத்திரையில்லாமல் அதை வெள்ளி என்று சொல்லி விற்கக்கூடாது. சிறு பொம்மை உருவங்கள் குழந்தைகள் விளையாடுவதற்காக எனக் கருதப்பட்டால் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். அலங்காரத்துக்குரியவை என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, பொருளின் தோற்றமும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

விலையில்தான் பெரும்பாலோர் தங்களுக்குத் தாங்களே அநீதி செய்துகொள்கிறார்கள். ஒரு பதக்கத்துக்குக் களிமண், வளையம், சங்கிலி, பெட்டி எல்லாம் சேர்த்து 2.80 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உழைப்பு 50 நிமிடம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மணிக்கு 12.21 பவுண்டு என்ற குறைந்தபட்சக் கூலியில் கணக்கிட்டால் 10.18 பவுண்டு. ஆக அடக்கவிலை 12.98. கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தையான எட்ஸியில் 18 பவுண்டுக்கு விற்றால், 6.5 சதவீத விற்பனைக் கட்டணம் 1.17, பணம் பெறும் கட்டணமாக 4 சதவீதமும் 20 பென்ஸும் சேர்ந்து 0.92, பட்டியலிட 20 அமெரிக்க சென்ட், அதாவது ஏறத்தாழ 0.16 பவுண்டு. மிஞ்சுவது 2.77 பவுண்டு, இதிலிருந்துதான் மின்சாரமும் வீணான துண்டுகளும் வேறு சிறு கட்டணங்களும் போக வேண்டும். 12 பவுண்டுக்கு விற்பவரைப் பார்த்து நீங்களும் இறங்கினால் கையிலிருந்து போட்டுத்தான் விற்பீர்கள். பிரிட்டனில் ஒரு வரியாண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், முதல் நாளிலிருந்தே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

கறுப்புப் பொருளைக் கறுப்புத் துணியில் வைத்து எடுத்த படத்தில் வடிவம் மறைந்துபோகும். சாம்பல் நிறக் கல்லோ மங்கிய பழந்தாளோ பின்னணியாக இருக்கட்டும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கேமரா கறுப்பைச் சாம்பலாக வெளுத்துக் காட்ட முயலும். ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுத்தால் உண்மை நிறம் கிடைக்கும். அளவு தெரிய ஒரு படத்தில் உள்ளங்கையும், ஒன்றில் பின்பக்கமும் கட்டாயம் வேண்டும். எட்ஸி தரும் 13 குறிச்சொற்களையும் நிரப்புங்கள். ‘நகை’ என்பதுபோன்ற பொதுச்சொல்லைக் காட்டிலும் ‘அந்துப்பூச்சி மண்டையோட்டுப் பதக்கம்’ என்று தேடுகிறவரே வாங்கும் மனத்தோடு வருகிறார்.

சந்தைகளில் கடை போடும்போது ஏற்பாட்டாளர்கள், நம்மால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றைக் கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்து வையுங்கள். கோடை வெயிலில் காரை நிறுத்தினால் சுடாத களிமண்ணை உள்ளே விட்டுவிடாதீர்கள், பாதி கெட்டியாகிவிடும்.

அஞ்சலில் அனுப்பும்போது ஊக்கைத் தடித்த அட்டையில் குத்தி, சிறகுகளுக்குக் கீழே மெல்லிய தாளை மடித்துத் திணித்து, பெட்டியை மூடிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடியும் கட்டுங்கள். எந்தக் களிமண், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுட்டது, எப்படித் துடைப்பது, உடைந்தால் யாருக்கு எழுதுவது என்பதைச் சிறு சீட்டில் கையால் எழுதி உள்ளே வைக்கிறேன். சிறகு உடைந்து திரும்பி வந்தால் இலவசமாக ஒட்டிச் சுட்டு அனுப்புவதாகவும் அதில் எழுதியிருக்கிறேன்.